வேகம் கூடியதா, காற்று தள்ளியதா? மாதிரி விமானத்தை மாற்றியபின் வரும் கோளாறுகள்

புதிய ப்ரொப்பெல்லர் மாட்டியாயிற்று, இறக்கை இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்தாயிற்று, சக்கரத்துக்கு மூடியும் போட்டாயிற்று. பறக்கவிட்டுப் பார்த்தால் எதிர்பார்த்தது நடப்பதில்லை. எதிர்பாராதது ஏதோ நடக்கிறது. இந்த நிலையில் விமானத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மாடி ஏறி வருகிற பிள்ளைகளுக்கு ஒரே பதிலைப் பல தடவை சொல்லிவிட்டேன். அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் விமானத்துக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

நான் கணக்குச் சொல்லப்போகிற விமானம் இதுதான்: எடை 1,100 கிராம், இறக்கையின் அகலம் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 20 செ.மீ., மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, முன்னால் ஒரு மின்மோட்டார். கட்டுவதும் மேசைச் சோதனையும் தண்டையார்பேட்டையில், எங்கள் மொட்டை மாடியில். பறப்பதற்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறோம். வடசென்னையில் திறந்த வெளியே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பறக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் வந்தபின் பறக்கலாமா கூடாதா என்று இடம்வாரியாகக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து, நிற்கிற இடம் பச்சையா, அதாவது அனுமதிக்கப்பட்ட பகுதியா என்று பார்க்காமல் நான் பேட்டரியைச் செருகுவதில்லை. பச்சையாக இருந்தாலும் 120 மீட்டருக்கு மேல் போவதில்லை, கண்ணில் படாத தூரத்துக்கும் விடுவதில்லை.

அறிகுறி: ஒரு திசையில் வேகம் எகிறுகிறது, திரும்பி வரும்போது பழைய வேகம்கூட இல்லை

மாற்றத்தில் கோளாறு இல்லை. நீங்கள் அளந்தது காற்றை.

ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். விமானத்துக்குத் தெரிந்ததோ காற்றுக்குள் அதன் வேகம் மட்டும்தான். மணிக்கு 72 கி.மீ. போகிற விமானத்தைப் பின்னாலிருந்து 18 கி.மீ. காற்று தள்ளினால் கருவியில் 90 என்று வரும். அந்த ஒற்றை எண்ணைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி, 'புது ப்ரொப்பெல்லர், 90 தொட்டுவிட்டது' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

போகவும் வரவும் ஓட்டினால் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. ஆனால் சராசரி எடுக்கிற இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 300 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்துக் கடிகாரத்தால் அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போக 12 விநாடி, எதிர்த்து வர 20 விநாடி. மொத்தம் 600 மீட்டர், 32 விநாடி. வகுத்தால் மணிக்கு 67.5 கி.மீ. வருகிறது. விமானத்தின் உண்மையான வேகம் 72. நாலரை கிலோமீட்டர் எங்கே போனது? எதிர்க்காற்றில் அதிக நேரம் கழிகிறது. அதனால் மொத்த நேரத்தை வைத்து வகுத்தால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும். இரண்டு ஓட்டத்துக்கும் வேகத்தைத் தனித்தனியே கண்டுபிடித்து, 90, 54 என்று எழுதி, பிறகு அந்த இரண்டுக்கும் சராசரி எடுங்கள். 72 கிடைக்கும்.

இதுவும் காற்று நீங்கள் ஓட்டுகிற கோட்டின் வழியாகவே வீசினால்தான். குறுக்கே வீசினால், கோட்டை விட்டு விலகாமல் இருக்க விமானம் சற்றுக் காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பியே போக வேண்டும். அதே 18 கி.மீ. காற்று நேர்குறுக்கே அடித்தால் இரு திசையிலும் 69.7தான் வரும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் 'இன்று காற்றே இல்லை' என்று ஏமாந்துபோவீர்கள். ஆகவே ஓடும் கோட்டை வயல் வரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கழியில் பட்டத்து வால் போல ஒரு துணிக்கீற்றைக் கட்டி நட்டு, அது காட்டுகிற திசையில் கோட்டை வையுங்கள். சின்ன வயதில் பட்டம் விட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்காற்று வேறு, கீழ்க்காற்று வேறு என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும்.

உயரமும் ஏமாற்றும். ஓட்டத்தின்போது இரண்டே மீட்டர் கீழே இறங்கிவிட்டால், காற்றின் தடையான இழுவையைக் கணக்கில் விட்டுவிட்டால், 72 ஆக இருந்தது 75ஐத் தாண்டும். கண்ணுக்கு அந்த இரண்டு மீட்டர் தெரியவே தெரியாது. திரும்பும்போது உயரம் இழந்து, நேரானதும் வேகம் எடுத்து வருகிற விமானத்தை அளந்தால் மாற்றம் செய்யாமலே வேகம் கூடியிருக்கும். திரும்பி முடித்தபின் ஐந்தாறு விநாடி நேராக ஓடவிட்டு, பிறகு அளக்கத் தொடங்குங்கள். காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் சிறு பதிவுக்கருவி இருந்தால், தொடக்கத்திலும் முடிவிலும் உயரம் ஒன்றாக இல்லாத ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கருவி காட்டும் 'அதிகபட்ச வேகம்' என்ற எண்ணை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

நேரம் முக்கியம். சென்னையில் பொழுது ஏற ஏறக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். விடியற்காலையில் பழைய ப்ரொப்பெல்லரையும் பதினொரு மணிக்குப் புதியதையும் ஓட்டி ஒப்பிட்டால், ஒப்பிட்டது இரண்டு வானிலைகளை. நான் விடியும்போது தொடங்கி எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிடுகிறேன். வரிசையும் பழையது, புதியது, மறுபடி பழையது என்றுதான். மூன்றாவது ஓட்டத்தின் எண் முதலாவதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். மனம் வராது. கிழித்துத்தான் ஆக வேண்டும்.

தை மாதத்து எண்ணையும் அக்னி நட்சத்திரத்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். 40 டிகிரி வெயிலில் கடல்மட்டத்துக் காற்றே, 15 டிகிரியைத் தரமாக வைத்த கணக்கில், சுமார் 900 மீட்டர் உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடுகிறது. இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைவு.

அறிகுறி: தராசில் உந்துவிசை பிரமாதம், மேலே போனால் மந்தம்

இதற்கு விடை எனக்குக் காசிமேட்டில் கிடைத்தது.

9 அங்குல விட்டமும் 6 அங்குல பிட்ச்சும் (பிட்ச் என்ன என்று கீழே சொல்கிறேன்) கொண்ட ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, 10 விட்டம், 4.5 பிட்ச் உள்ளதை மாட்டினேன். மாடியில் விமானத்தின் வாலை மின்னணுத் தராசோடு கட்டி முழுவிசையில் ஓட்டினால் ப்ரொப்பெல்லர் தரும் உந்துவிசை நன்றாகக் கூடியிருந்தது. பொன்னேரியில் மேலே ஏற்றினேன். செங்குத்தாக ஏறுவதில் புலி. நேராகப் பறப்பதில் முன்பைவிடச் சோம்பல். மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் விற்றவரையும் சந்தேகப்பட்டேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் படகு எந்திரம் பார்க்கிற அண்ணன் ஒருவர் இரண்டு ப்ரொப்பெல்லரையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது வலை இழுக்கிற படகுக்கு உள்ளது, அது ஓடுகிற ஃபைபர் படகுக்கு உள்ளது. வலை இழுக்கிறதைக் கொண்டுபோய் ஓடுகிற படகில் மாட்டிவிட்டு, ஓடவில்லையே என்றால் எப்படி?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பசுமரத்தில் ஆணி ஏறுவது போலப் புரிந்தது.

பிட்ச் என்பது, ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு வழுக்காமல் திருகிக்கொண்டு முன்னேறினால் எவ்வளவு தூரம் போகும் என்பது. நிமிடத்துக்கு 9,000 சுற்று, 6 அங்குலம் என்றால் மணிக்கு 82 கி.மீ. அதே சுற்றில் 4.5 அங்குலம் என்றால் 62 கி.மீ.தான். விமானம் அந்த வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றைப் பின்னால் தள்ள ப்ரொப்பெல்லரிடம் ஒன்றும் மிஞ்சாது. தராசில் நிற்கும்போது பார்த்த உந்துவிசை, வேகம் பூஜ்யமாக இருக்கும்போது உள்ள உந்துவிசை. ஏறுவதற்கும் குறுகிய இடத்தில் கிளம்புவதற்கும் அது பயன்படும். நேர்வேகத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

கணக்கு எளிது: சுற்று எண்ணிக்கையைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, மறுபடி 0.001524ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். உங்கள் விமானம் இப்போது போகிற வேகம் அந்த எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் பிட்ச்சைக் கூட்டிப் பார்க்கலாம். வெகு கீழே இருந்தால் பிட்ச்சைக் கூட்டுவது வீண். இழுவையைக் குறைக்கிற வேலையைப் பாருங்கள்.

விட்டத்தைக் கூட்டும்போது மட்டும் கையை அடக்குங்கள். அதே பிட்ச், அதே சுற்று என்று வைத்துக்கொண்டால் ப்ரொப்பெல்லர் விழுங்கும் திறன், விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 9லிருந்து 10க்குப் போவது பார்வைக்கு ஒரே அங்குலம். கேட்கிற திறன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. திறனை அளக்கும் வாட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டினால் அடுத்த தலைப்புக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

மாடியில் ஓட்டும்போது ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. உடைந்த துண்டு பக்கவாட்டில்தான் பறக்கும்.

அறிகுறி: மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுகிறது

ப்ரொப்பெல்லர் மாற்றியபின் சுட்டால் மேலே சொன்னதுதான் காரணம். ப்ரொப்பெல்லரை மாற்றவில்லை, இழுவை குறையட்டும் என்று முகப்பு ஓட்டையை மட்டும் சிறிதாக்கினீர்கள் என்றால், பின்னால் பாருங்கள். காற்று உள்ளே வருகிற வழியை எல்லாரும் யோசிக்கிறார்கள். வெளியே போகிற வழியை யாரும் யோசிப்பதில்லை. சூடான காற்று விரியும். வெளிவழி உள்வழியைவிடப் பெரிதாக, இரண்டு மடங்கு வரைகூட, இருக்கலாம். ஒரு பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்துவைத்து வீட்டில் காற்று வரவில்லை என்று சொல்வதைப் போன்றதுதான் இது.

மோட்டாருக்குள் இருக்கும் நியோடைமியம் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். ஆறினாலும் இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை. அதன்பின் அதே வோல்ட்டுக்கு அதிக மின்னோட்டம் குடிக்கும், இன்னும் சுடும். ஆகவே ஒருமுறை நன்றாகக் காய்ந்துபோன மோட்டாரை வைத்து 'முன்பு, பின்பு' ஒப்பீடு செய்யாதீர்கள். அந்த மோட்டாரே மாறிப்போயிருக்கும்.

அறிகுறி: முதல் ஓட்டம் அருமை, மூன்றாவது படுமோசம்

பேட்டரி. முழுதாக ஏற்றிய மூன்று செல் 12.6 வோல்ட்டில் தொடங்குகிறது. சற்று நேரத்தில் 11.1க்கு வந்துவிடும். வோல்ட் 12 விழுக்காடு குறைந்தால் சுற்று குறையும், ப்ரொப்பெல்லர் எடுக்கிற திறனோ சுற்றின் மூன்றாம் அடுக்கில் குறையும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பழைய ப்ரொப்பெல்லரை முதல் நிமிடத்திலும் புதியதை நான்காம் நிமிடத்திலும் ஓட்டிவிட்டு, 'புதியது சரியில்லை' என்று கழற்றிப் போட்டவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே வயதுடைய பேட்டரி, முழுச் சார்ஜ், கிளம்பியதிலிருந்து அதே நிமிடம். அவ்வளவுதான்.

அறிகுறி: மூக்கு தொங்குகிறது, இறங்கும்போது தூக்க மறுக்கிறது

பெரிய மோட்டார் போட்டீர்களா? எடையைப் போட்ட இடத்தைப் பாருங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து 25 செ.மீ. முன்னால் 40 கிராம் கூடுதலாக வைத்தால், 1,140 கிராம் விமானத்தில் மையம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் முன்னே நகரும். 20 செ.மீ. அகல இறக்கையில் இது நாலரை விழுக்காடு. இதைச் சமாளிக்க வாலில் அசையும் பலகையான எலிவேட்டரை மேலே பிடித்துக்கொண்டே பறக்க வேண்டும். வால் கீழ்நோக்கி அழுத்த, இறக்கை அதையும் சேர்த்துச் சுமக்க, இழுவை கூடும். பெரிய மோட்டாரால் கிடைத்த வேகத்தில் ஒரு பகுதியை வால் தின்றுவிடும்.

ஆனால் எல்லா மூக்குத் தொங்கலும் எடையால் வருவதில்லை. நல்ல உயரத்தில் மோட்டாரை நிறுத்தி மிதக்கவிடுங்கள். மிதக்கும்போதும் தொங்கினால் எடை. பேட்டரியைப் பின்னே தள்ளுங்கள், ஒருமுறைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். விசையைக் கூட்டும்போது மட்டும் தொங்கி, நிறுத்தினால் சரியாகிறது என்றால், மோட்டார் பொருத்திய கோணம் கீழ்நோக்கி அதிகமாகிவிட்டது. வாஷர் ஒன்றை மாற்றி வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது.

மையத்தைப் பின்னே தள்ளுவதில் பேராசை வேண்டாம். பின்கனத்த விமானம் கொஞ்சம் வேகமாகப் போகும் என்பது உண்மை. அது கையில் நிற்காது என்பதும் உண்மை.

அறிகுறி: முழுவேகத்தில் 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வுச் சத்தம்

இது ஒன்றுக்கு மட்டும் வானத்தில் வைத்துக் காரணம் தேடாதீர்கள். விசையை உடனே குறையுங்கள், மூக்கை மெதுவாகத் தூக்கி வேகத்தைக் கொல்லுங்கள், இறக்குங்கள்.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரானோ, வாலில் உள்ள எலிவேட்டரோ காற்றில் படபடக்கிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்த ஆட்டத்துக்குக் காற்றே தீனி போடத் தொடங்கும். விநாடிக் கணக்கில் கீல் பிய்ந்துவிடும். தரையில் ஏலரானை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பலகையை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோ அசையாமல் பலகை மட்டும் அசைந்தால் அந்தத் தளர்ச்சிதான் குற்றவாளி. சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பி வளைகிறதா, அது நுழைகிற துளை தேய்ந்து பெரிதாகிவிட்டதா, கீல் பசை விட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கீல் இடுக்கை மெல்லிய டேப்பால் முழுநீளத்துக்கும் ஒட்டினால் பலகை உறுதிப்படும், இழுவையும் குறையும். ஆனால் டேப்பின் மேலேயே வண்ணம் அடித்துப் பலகையின் பின்விளிம்பில் எடை ஏற்றாதீர்கள்; அது படபடப்பை வரவழைக்கும்.

பழைய மோட்டாரோடு இரண்டு வருடம் பறந்த விமானத்துக்கு இது ஏன் இப்போது வருகிறது என்று கேட்பார்கள். முன்பு அந்த வேகத்தை அது தொட்டதே இல்லை. ஆள் ஏறிப் பறக்கும் விமானங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிய விமானத்தில் பெரிய மாற்றம் செய்தால், குறைந்தது 5 மணி நேரமாவது ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியின் மேல் மறுபடியும் சோதனைப் பறப்பு செய்துவிட்டுத்தான் பயணியை ஏற்றலாம். நம் விமானத்தில் ஏறப்போவது யாருமில்லை. கீழே வயலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி: கட்டுப்பாடு அரை விநாடி செத்துப் பிழைக்கிறது

முழுவிசையில், அதுவும் சர்வோக்கள் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும்போது நடந்தால், உங்கள் கட்டளையை வாங்கும் ரிசீவருக்குப் போகிற 5 வோல்ட் தடுமாறுகிறது. மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இருக்கும் மலிவான மின்வழங்கி மூன்று செல் பேட்டரியில் சூடாகி விழுந்துவிடும். தனி மின்வழங்கி ஒன்று போடுங்கள். ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

அறிகுறி: மோட்டாரைக் கையால் சுற்றினால் கரகரக்கிறது

மணலில் வைத்தீர்களா? அக்கம்பக்கத்தார் மாடிச் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்ததால் ஒருமுறை சோதனைப் பலகையைக் கடற்கரைக்குத் தூக்கிப்போனேன். நம் கரையில் அலை விட்டுப்போகிற கறுப்புப் படிவில் இரும்புத்தாது கலந்திருக்கிறது. மோட்டாரின் காந்தத்துக்கு அது கல்யாணச் சாப்பாடு. ஊதினால் போகாது. மோட்டாரைப் பிரித்து, ஒட்டும் டேப்பைக் காந்தத்தின் மேல் அழுத்தி அழுத்தி உரித்து எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் பேரிங்கும் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

அறிகுறி: எதுவுமே மாறவில்லை

பெரும்பாலும் இதுதான் நடக்கும். மாற்றம் பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பலித்தது கண்ணில் படவில்லை.

வேகத்துக்குத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 10 விழுக்காடு வேகம் கூட வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: சக்கர மூடி, இடுக்கு டேப் எல்லாம் சேர்ந்து இழுவையில் 10 விழுக்காட்டைக் குறைத்துவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும் அதே திறனில் வேகம் மூன்றரை விழுக்காடுதான் கூடும். 72 கி.மீ. ஏறத்தாழ 74.5 ஆகும். காற்று, உயரம், பேட்டரி என்று மேலே சொன்ன ஒவ்வொன்றும் அந்த இரண்டரை கிலோமீட்டரை விழுங்கப் போதும்.

1970-களில் வந்த மூனி 201 என்ற நான்கு பேர் அமரும் விமானம், 200 குதிரைத்திறன் எந்திரத்தோடு மணிக்கு 201 மைல் தொட்டதால் அந்தப் பெயரைப் பெற்றது. முகப்பை மாற்றி, முன்கண்ணாடியைச் சாய்த்து, இடுக்குகளை அடைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துருவித் துருவிச் சேர்த்த வேகம் அது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அளவுக் கருவியில் தெரிந்தும் தெரியாமலும்தான் இருந்திருக்கும்.

ஆகவே வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு நான் இப்போது திறனை அளக்கிறேன். விமானத்தில் ஒரு சிறு வாட் பதிவுக்கருவி வைத்து, முழுவிசை கொடுக்காமல், ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் போகவும் வரவும் ஓட்டுகிறேன். இழுவை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வாட்டும் பத்தில் ஒரு பங்கு குறையும். 100 வாட் 90 ஆவது, 72 என்பது 74.5 ஆவதைவிடக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

இந்த முறையில்தான் என் சக்கர மூடிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட அன்றே, பனியில் நனைந்த வயலில் இறக்கியபோது இரண்டுக்குள்ளும் சேறும் நெல்தாளும் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. விமானம் மூக்கு குத்தியது, புது ப்ரொப்பெல்லர் ஒடிந்தது. மூடிகளைக் கழற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சித்திரையில் நிலம் காய்ந்தபின் மாட்டிக்கொள்ளலாம் என்று மாடி அறையில் ஆணியில் தொங்குகின்றன.